அப்பிடித்தேன் சொல்லணும்

உக்காரு தங்கச்சி, உக்காரு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு நின்னுக்கிட்டேவா போவ. இந்தா, அந்தப் பைய இங்கிட்டுக் குடு, நான் கால்மாட்டுல வச்சுக்கிறேன். சன்னலோரம் வேணாம், பிள்ளைக்குக் காத்து ஆகாது. நான் நகந்துக்கிறேன். எம்புட்டு நாளாச்சு? அம்பது நாளா. பொம்பளப் பிள்ளையா. மகாலட்சுமி. துண்டுக்குள்ள மூக்கும் கன்னமுந்தேன் தெரியுது. கன்னத்துப் பொட்ட நல்லாப் பெருசா வச்சிருக்க. பால் நல்லாக் குடிக்கிறாளா?

குடிக்கவே மாட்டேங்குறாளா.

அப்பிடித்தேன் சொல்லணும். சிரிக்கிறேன்னு நெனைக்காத. உங்க வீட்டுல நல்லாத்தேன் பழக்கியிருக்காக. கேக்குற ஆளு எந்தக் கண்ணோட கேக்குதோ, யாரு கண்டா. நான் ஒண்ணும் தப்பாக் கேக்கல. எனக்கும் ஒண்ணு இருக்கு பாரு, மடியில தூங்குறான். எட்டு மாசம். எங்க அம்மா ஊருல குலசாமி கோயில்ல மொட்டையடிச்சுட்டு வாரோம். மண்டையில சந்தனம் ஒட்டுது, சேலையெல்லாம் மஞ்சளாயிருச்சு. இவன் எப்பிடிக் குடிக்கிறான்னு நீ கேட்டா நானும் அதத்தேன் சொல்வேன். எங்க, வாயே வைக்க மாட்டேங்குறான்னு. எங்க தெருவுல ஒருத்தி இருக்கா, அவ மகன் மூணாப்புப் படிக்கிறான், எட்டு இட்லி திம்பான். இன்னும் அவ வாயிலருந்து அந்தச் சொல்லுதேன் வரும், சாப்பிடவே மாட்டேங்குறான்னு. நல்லாக் குடிக்குது, கொழுகொழுன்னு இருக்குன்னு எந்தப் பெத்தவளாச்சும் சொல்லி நீ கேட்டிருக்கியா? நான் கேட்டதில்ல.

நீ எங்க போற? போடியா. மாமியார் வீடா. அங்க போயிக் காட்டிக்கலாம்னு அம்மா சொன்னாகளா? காட்டு, காட்டு. புதுசாப் பெத்தவளுக்கு எதப் பாத்தாலும் பயமாத்தேன் இருக்கும். நான் தேனி வரைக்கும் வாரேன். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. வீட்டுல எனக்குப் பேச ஆளே கிடையாது தங்கச்சி. இந்தப் பயகிட்டதேன் பேசணும். அவன் பதிலுக்கு எச்சில ஊதுவான்.

எங்க வீட்டுக்காரரு ஒரிசாவுல முறுக்குப் போடுறாரு. எங்க பக்கத்து ஆளுக பாதிப்பேரு அப்பிடித்தேன், வடக்க போயி முறுக்குச் சுட்டு விக்கிறது. வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. மாமியார் இல்ல, கல்யாணத்துக்கு முன்னாடியே தவறிட்டாக. எங்கம்மா இருக்காக, ஆனா எங்கப்பாவுக்குக் கையும் காலும் இழுத்துக்கிருச்சு. அவர எடுத்து உக்கார வைக்கிறதுக்கே எங்கம்மாவுக்கு நேரம் சரியாப் போகும். அவுககிட்ட முப்பது நாளு இருந்தேன். பேரு வைக்க வீட்டுக்காரரு வந்தாரு, தர்ஷன்னு வச்சாரு, ஒரு வாரம் இருந்துட்டுப் போயிட்டாரு. நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தேனிக்கே வந்துட்டேன்.

அங்க லைன் வீடு. ஆறு வீடு வரிசையா, பொதுவா ஒரு குழாய், துணி காயப்போட நீளமா ஒரு கொடி. மொத வீட்டுல வீட்டுக்காரம்மா, தனபாக்கியம் அக்கா. கடைசி வீடு எங்களுது. எங்களுக்கு ஒட்டுன வீட்டுல மில்லு வேலைக்கு வந்த வடக்கத்திப் பிள்ளைக அஞ்சாறு பேரு, ஷிப்டுக்கு ஷிப்டு மாறி மாறித் தூங்குவாளுக. அதுல ஒருத்தி சாவித்திரி. அவ பேரு எனக்கு அப்பத் தெரியாது. கண்ணு நல்லாப் பெருசா இருக்கும் அவளுக்கு. பிள்ளையோட நான் வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு அப்பிடியே பாத்தா. அந்தப் பார்வ எனக்குப் பிடிக்கல. கதவுக்குத் திரை தச்சுப் போட்டேன். அவ குழாய்க்கு வந்தா நான் பிள்ளையோட உள்ள போயிருவேன். சாயங்காலம் மிளகாய் சுத்திப் போடுறப்ப அவளையும் நெனச்சுத்தேன் சுத்துவேன். பொய் சொல்லக் கூடாதுல்ல.

அப்ப இவன் நல்லாத்தேன் குடிச்சான். மாரு கட்ட விடமாட்டான். கேக்குறவுக கிட்டயெல்லாம் நான் சொன்னேன், எங்கக்கா, வாயே வைக்க மாட்டேங்குறான்னு. தனபாக்கியம் அக்கா கேட்டாலும் அதுதேன், போன்ல எங்கம்மா கேட்டாலும் அதுதேன், பேசுறது யாரு காதுல விழுதோன்னு. எங்க வீட்டுக்காரருகிட்டக் கூட அதுதேன் சொன்னேன். அவரச் சுத்தி நாலு பேரு நிப்பாக, போன சத்தமா வச்சுப் பேசுற ஆளு.

என்ன தங்கச்சி? தூங்கிக்கிட்டே இருக்காளா. குடுத்து வச்சவ நீ. இவன் இன்னைக்குத்தேன் பஸ்ஸுல ஏதோ அசந்து தூங்குறான்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆங். நாப்பதாவது நாளு வாக்குல இவனுக்குக் கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. அழுது கேக்க மாட்டான். நானா எழுப்பிக் குடுத்தா நாலு வாய் உறிஞ்சுவான், அப்பறம் அப்பிடியே கெடப்பான். இது என்னடான்னு இருந்துச்சு எனக்கு. நாப்பத்தஞ்சாம் நாளு ஊசிக்குப் போனேன். போறதுக்கு முன்னாடி தனபாக்கியம் அக்கா சொன்னாக, மீனா, எடை போடுற எடத்துல ஊருப்பட்ட பொம்பளைக நிப்பாளுக, பிள்ளைய உரிச்ச கோழியாட்டம் அவுத்து வைக்காத, கண்ணு பட்டுரும்னு. அங்க போனா நெசமாவே எட்டுப் பத்துப் பேரு நின்னாக. நர்சம்மா சொன்னாக, துணிய அவுத்துட்டு வைங்கம்மான்னு. நான் சளி பிடிச்சிருக்கு சிஸ்டர்னு சொல்லிட்டேன். கம்பளித் துண்டு, குல்லா, ரெண்டு கையிலயும் வெள்ளிக் காப்பு, இடுப்புல வெள்ளி அரணாக்கயிறு, அம்புட்டோடயும் தராசுல வச்சேன். முள்ளு நல்லாத்தேன் சாஞ்சுச்சு. சரி, தேறியிருக்கான்னு அட்டையில எழுதுனாக. எனக்கு அம்புட்டு நிம்மதி. நான் ஏமாத்துனேன்னு எனக்குத் தோணவே இல்ல தங்கச்சி. நான் கண்ணுக்குப் பயந்துதேன் வச்சேன்.

அதுக்கப்பறந்தேன் ரொம்ப மோசமாச்சு. ரெண்டு வாய்க்கு மேல இல்ல. தொண்டையில இருந்து முனகல்தேன் வருது, அழுக வரல. நான் குழாயடியில தனபாக்கியம் அக்காகிட்டப் போயிச் சொன்னேன், அக்கா, பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குதுக்கான்னு. அவுக என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாக. அப்பிடித்தேன் சொல்லணும் மீனா, நீ பொழச்சுக்குவன்னாக. இல்லக்கா, நெசமாத்தேன்னு சொன்னேன். நெசமாத்தேன்னும் எல்லாரும் சேத்துச் சொல்றதுதேன தங்கச்சி. அவுக, அட்டையிலயே தேறியிருக்கான்னு போட்டிருக்கே, புதுசாப் பெத்தவளுக்கு எதப் பாத்தாலும் பயமாத்தேன் இருக்கும், தூங்குற பிள்ளையப் பெத்திருக்க, குடுத்து வச்சவ, நீயும் கூடப் படுத்துத் தூங்குன்னாக.

எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா, குடிக்க மாட்டேங்குறாம்மான்னேன். எங்கம்மா வெரசாக் குரலத் தாழ்த்தி, ஆமாமா, அப்பிடியே சொல்லு, பக்கத்துல யாரும் நிக்கிறாகளான்னு கேட்டாக. யாரும் இல்லம்மா, நான் மட்டுந்தேன் இருக்கேன்னேன். அதுக்குள்ள அங்க எங்கப்பா கூப்புட்டாரு. வச்சுட்டாக. அன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு பேசுனாரு. அவருக்கும் சொன்னேன். ம், ம்னாரு. அன்னைக்குச் சட்டி எண்ணெய் பொங்கிக் கெட்டுப்போச்சாம், அதச் சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன்.

பொய்யாச் சொன்னப்ப என்ன வார்த்தையோ, நெசத்துக்கும் அதே வார்த்தைதேன் என்கிட்ட இருந்துச்சு. வேற வார்த்த எனக்குத் தெரியல. கத்தி அழுதிருந்தா வந்திருப்பாகளோ என்னவோ. எனக்குக் கத்தத் தெரியாது. எனக்கே அப்பறம் சந்தேகம் வந்துருச்சு. இம்புட்டுப் பேரு நல்லா இருக்கான்னு சொல்றாக, நமக்குத்தேன் கிறுக்குப் பிடிச்சிருச்சான்னு. ஆஸ்பத்திரிக்குப் போயி, ஒண்ணுமில்லாததுக்கு ஏம்மா வந்தேன்னு கேட்டுட்டா என்ன பண்றது. மூணு நாளு. அந்த மூணு நாளும் நான் இவன மடியில போட்டுக்கிட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. வாசல்ல ஆளு போகுது வருது, பக்கத்து வீட்டுல டிவி ஓடுது, பால்காரரு மணியடிக்கிறாரு. அம்புட்டுச் சனத்துக்கு நடுவுல நானும் இவனும் மட்டும் ஏதோ காட்டுல கெடந்தாப்புல இருந்துச்சு.

கணவாய் வந்துருச்சு. பிடிச்சுக்க, இங்க வளைவுல ஒரு ஆட்டு ஆட்டுவான். பிள்ளை தலையப் பாத்துக்க. என்னமா ஹாரன் அடிக்கிறான் பாரு, சண்டாளன். இவன் முழிச்சுட்டான். ஏலே, தூங்குடா, ஒண்ணுமில்ல.

மூணாம் நாளு மத்தியானம். குழாயடியில பாத்திரம் வெளக்கிக்கிட்டிருந்தேன். திரைய ஒதுக்கி விட்டு, உள்ள கெடக்குற பிள்ளை மேல ஒரு கண்ணு. சாவித்திரி மொத ஷிப்டு முடிச்சு வந்தா. தலையெல்லாம் பஞ்சு. வாளியக் குழாய்க்கு அடியில வச்சுட்டு, என்னயப் பாத்து, பாப்பா, பால்? அப்பிடின்னு கேட்டா. அவளுக்குத் தெரிஞ்ச தமிழே பத்து வார்த்ததேன். எனக்கு எந்திரிச்சு உள்ள போகக் கூடத் தெம்பு இல்ல. வழக்கமா வாரது வாயில வந்துச்சு. குடிக்க மாட்டேங்குதுன்னேன்.

அவ சிரிக்கல. அவளுக்கு நம்ம ஊரு வழக்கம் தெரியாதுல்ல. பால் இல்ல? அப்பிடின்னு இன்னொருக்காக் கேட்டா. அப்பறம் திரும்பிக் கொடியப் பாத்தா.

ஆறு வீட்டுத் துணி கெடக்குற கொடியில, கைப்பிள்ளைத் துணி ஒண்ணு கெடையாது. என் சேலை ஒண்ணு மட்டும் கெடக்குது. அம்பது நாளு பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்துத் துணியாச்சும் நனையணும்ல. எனக்கு அது உறைக்கல தங்கச்சி. தொவைக்க வேலையில்லன்னுதேன் பட்டுச்சு.

அவ விறுவிறுன்னு எங்க வீட்டுக்குள்ள போயிட்டா. நான் அம்புட்டு நாளு திரை போட்டு மறைச்ச வீட்டுக்குள்ள. இவன் வாயில சுண்டு விரல வச்சா. அவன் உறிஞ்சல. உச்சந்தலையில கைய வச்சா. இங்க ஒரு மெத்துன்னு எடம் இருக்கும் பாரு, அது குழியா உள்ள போயிருந்துச்சு. வா, அப்பிடின்னா. நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். வா, வா, வான்னு என் கையப் பிடிச்சு இழுத்தா. குழாயில அவ வாளி ரொம்பித் தண்ணி வழிஞ்சு ஓடுது, அத அவ திரும்பிப் பாக்கல.

மில்லு நீலக் கோட்டோடவே ரோட்டுல நின்னு ஆட்டோவ மறிச்சா. கானா விலக்கு, ஆஸ்பத்திரி. அத மட்டும் நல்லாச் சொன்னா. ஆட்டோவுல போறப்ப எங்க வீட்டுக்காரரு போன் வந்துச்சு. நான் போன அவகிட்ட நீட்டுனேன். அவ போன வாங்கி, வணக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, அவ ஒரிசா பாசையில படபடன்னு பேசுனா. அவரு அந்த ஊருலயே கெடக்குறவருல்ல, புரிஞ்சிருச்சு. அப்பறம் போன் என் காதுக்கு வந்துச்சு. என்ன மீனா, பிள்ளை பால் குடிக்கலங்குறா, உச்சி குழிஞ்சு கெடக்குதுங்குறா, மூணு நாளா நீ செவுத்துக்கு அந்தப் பக்கம் போன்ல பால், பால்னு சொன்னது கேட்டுச்சுங்குறா, நீ ஏன் எனக்குச் சொல்லலன்னாரு.

எப்பிடி இருக்கும் எனக்கு. தமிழ்ல நான் சொன்னது அவருக்கு ஒரிசா பாசையில போயித்தேன் கேட்டுச்சு.

ஆஸ்பத்திரியில பிள்ளைய வாங்கிட்டு உள்ள போயிட்டாக. துணிய அவுத்து, காப்பக் கழட்டி எடை போட்டாக. பெறந்தப்ப இருந்ததுக்கும் கொஞ்சந்தேன் கூட இருந்தான். யூரின்ல கிருமியாம். காய்ச்சலே இல்லாம அப்பிடி வருமாம் சின்னப் பிள்ளைகளுக்கு, சோர்ந்து சோர்ந்து தூங்குமாம். தூங்குற பிள்ளைன்னு நாம சந்தோசப்படுறோம். இன்னும் ஒரு நாளு விட்டிருந்தான்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாக, முடிக்கல. சிஸ்டர் என்கிட்டக் கேட்டாக, படிச்ச பிள்ளை மாதிரி இருக்க, இத்தன நாளா ஒருத்தருகிட்டயுமா சொல்லலன்னு. சொன்னேன் சிஸ்டர், எல்லாருகிட்டயும் சொன்னேன்னேன்.

பதினோரு நாளு. பால எடுத்துக் குடுப்பேன், பாலாடையில சொட்டுச் சொட்டா விடுவாக. ஒரு பாலாடை உள்ள போச்சுன்னா எனக்கு ஒரு நாளு ஓடிருச்சுன்னு அர்த்தம். சாவித்திரி மொத நாளு சாயங்காலம் வரைக்கும் வெளிய வராண்டாவுல உக்காந்திருந்தா. தன்னத் தொட்டுக் காட்டி, சாவித்திரின்னு பேரு சொன்னா. அவ போன்ல ஒரு போட்டோ காட்டுனா. ரெண்டு வயசு இருக்கும், பொம்பளப் பிள்ளை. அவ மக. ஊருல அவ அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கா. அதுக்குத்தேன் எம் பிள்ளைய அப்பிடிப் பாத்திருக்கா. நான் அவளுக்கு மிளகாய் சுத்திக்கிட்டிருந்திருக்கேன்.

எங்க வீட்டுக்காரரு வந்து, அங்கேர்ந்து எங்கள அம்மா ஊருக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு மாசம் கழிச்சுத் தேனிக்கு வந்தா, பக்கத்து வீடு பூட்டிக் கெடக்கு. அந்தப் பிள்ளைகளோட ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்கு அனுப்பிட்டாகளாம். நான் அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. நம்பரும் வாங்கல. அங்க தேடிப் பாருங்கன்னு இவருகிட்டச் சொன்னேன், ஒரிசா என்ன நம்ம ஊருச் சந்தையா, சாவித்திரின்னு கூவுனா வாரதுக்குன்னாரு. அவரு சொல்றதும் சரிதேன். இன்னைக்கு மொட்டையடிக்கிறப்ப அவதேன் நெனப்பு. தாய்மாமன் மடியில வச்சு அடிச்சாக. எனக்கு, இவன் உக்கார வேண்டிய மடி இன்னொண்ணு இருக்கேன்னு இருந்துச்சு.

இந்தக் கதைய நான் யாருகிட்டயும் முழுசாச் சொன்னதில்ல தங்கச்சி. தனபாக்கியம் அக்காகிட்டச் சொன்னா அவுகளக் குத்திக்காட்டுறாப்புல ஆயிரும். எங்கம்மா அழுவாக. நீதேன் ஒரு வார்த்த மறிச்சுப் பேசாமக் கேட்ட. ஒரு சொல்லக் காது குடுத்துக் கேக்க ஆளு வேணும் பாரு. அந்த மனுசத்தனம் நம்ம சனத்துக்கிட்ட எங்க இருக்கு.

ஆண்டிபட்டி தாண்டியாச்சா. பேச்சு மும்முரத்துல பஸ் ஸ்டாண்டுல நின்னதே தெரியல. கடலைக்காரன் வந்து அந்தக் கத்துக் கத்துனான், இவன் அவனையே வாயப் பொளந்து பாத்துக்கிட்டிருந்தான். உன் மக இன்னும் அசையல. தூங்குற பிள்ளை, குடுத்து வச்ச...

இரு.

நான் என்ன சொன்னேன் இப்ப. அக்கா சொன்னத அப்பிடியே சொன்னேன்ல.

ஏம்மா. நீ உசிலம்பட்டியில ஏறுன. கணவாயில அம்புட்டு ஹாரன். ஒருக்காக் கூட அவ அழலயே. நான் இந்தப் பைய அப்பருந்து கால்மாட்டுல வச்சிருக்கேன், வாய் தெறந்துதேன் கெடக்கு, மடிச்ச துணி மடிச்சபடி இருக்கு, ஈரத்துணி ஒண்ணுகூட இல்ல. காலையிலேருந்து எத்தன துணி மாத்துன? ஒண்ணா. நேத்து? அழாத, அழாத, சொல்லு. நேத்தும் ரெண்டுதேனா.

துண்ட விலக்கு. என் கை சுத்தமாத்தேன் இருக்கு. தலையக் காட்டு. ஆத்தாடி.

நீ ஏறுனதும் சொன்ன. மொத வார்த்தையே அதத்தேன சொன்ன. நான் சிரிச்சேன்.

கண்டக்டரண்ணே, கானா விலக்குல நிப்பாட்டுங்க. ஆமா, ஆஸ்பத்திரிக்கு. தேனிக்கு எடுத்த டிக்கெட்டுதேன், போனாப் போகுது, வாசலுக்கு நேரா நிப்பாட்டுங்க, கைப்பிள்ளை. நீ எந்திரி. போடியெல்லாம் அப்பறம் போயிக்கலாம். உன் மாமியாருக்கு நான் போன்ல சொல்றேன். பயப்படாத, எம் பிள்ளை பொழைக்கலயா, இந்தா இடுப்புல இருக்கான். நானும் எறங்குறேன். பை என்கிட்ட இருக்கு, நீ மகளப் பிடி.

அங்க சிஸ்டர் கேட்டா, குடிக்க மாட்டேங்குறான்னு மட்டும் சொல்லி நிறுத்தாத. எத்தன நாளா, எத்தன துணி நனைஞ்சுச்சு, அதச் சொல்லு. உனக்கு வாய் வரலேன்னா நான் சொல்றேன்.

சீட்டுப் போட அம்மா பேரு கேப்பாக. உன் பேரு என்னம்மா? இம்புட்டு நேரம் பேசுனேன், அதக்கூட நான் கேக்கல.